நூற்றிருபது இருக்கை நாடகத்துக்கு எட்டு வார உழைப்பு எதற்கு?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் எட்டுப் பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு சிறுகதையை ஒரு மணி நேர நாடகமாக்கி, 120 இருக்கை உள்ள சிறிய அரங்கில் சனி, ஞாயிறு இரண்டு மாலையும் போட நினைக்கிறீர்கள். கையில் இரண்டு மாதம் இருக்கிறது. குழுவில் ஒருவர் மட்டும், "இதே உழைப்பில் குறும்படம் எடுத்து யூடியூபில் ஏற்றினால் பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள், நாடகம் 240 பேரோடு முடிந்துபோகும்" என்கிறார். எப்படிச் செய்வது, என்னென்ன தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கடியில் இருக்கும் கேள்வி வேறு: முடிந்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாத ஒரு காரியத்துக்கு இத்தனை மெனக்கெடுவது நியாயமா? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். செய்முறைக்குத்தான் அதிக இடம் போகும், ஏனென்றால் நியாயமா என்பதற்கான பதிலும் பாதி அதற்குள் இருக்கிறது.

எண்ணிக்கையில் உங்கள் நண்பர் சொல்வது சரி. அதில் அவரோடு வாதாட வேண்டாம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. குறும்படத்தில் படத்தொகுப்பு முடிந்த அன்றே நடிகரின் வேலை முடிந்துவிடுகிறது. பார்ப்பவர் சிரித்தாலும் பாதியில் எழுந்து போனாலும் திரையில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. மேடையில் ஒரு வசனத்துக்குச் சிரிப்பு எழுந்தால் அடுத்த வசனம் காத்திருந்தாக வேண்டும். சிரிப்பு எதிர்பார்த்த இடத்தில் வராவிட்டால் நடிகர் அதைச் சட்டென்று விழுங்கிவிட்டு மேலே போக வேண்டும். ஒரே நாடகம் சனிக்கிழமை 62 நிமிடமும் ஞாயிற்றுக்கிழமை 58 நிமிடமும் ஓடுவது சாதாரணம். அந்த நாலு நிமிடத்தின் பெரும்பகுதி பார்வையாளர்கள் சேர்த்தது அல்லது எடுத்துக்கொண்டது. அதாவது உங்கள் 120 பேரும் அந்த மாலையின் வேகத்தைத் தீர்மானிப்பவர்கள். பத்தாயிரம் பார்வைகள் அதைச் செய்ய முடியாது.

இதற்கு மேல் நாடகத்தின் பெருமையாகச் சொல்லப்படுபவற்றில் எதை நம்பலாம், எதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பள்ளி மாணவர் குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியினரை 'ஹாம்லெட்', 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நாடகங்களுக்கு அழைத்துப்போனார்கள். போய்வந்த மாணவர்கள் கதையையும் சொற்களையும் நன்றாக நினைவில் வைத்திருந்ததோடு, பிறர் முகத்திலிருந்து உணர்ச்சியைப் படிப்பதிலும் மாற்றுக் கருத்தைச் சகித்துக்கொள்வதிலும் மற்றவர்களைவிடச் சற்று மேலே இருந்தார்கள். அதே கதையைப் படித்ததாலோ படமாகப் பார்த்ததாலோ வந்த வித்தியாசம் அல்ல அது என்றும் காட்டினார்கள். குலுக்கல் போட்டுச் செய்த ஆய்வு என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது தொழில்முறைக் குழு போட்ட நாடகம், பார்த்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். நாடகம் பார்த்தவர் திருந்திவிடுவார், சமூகம் மாறிவிடும் என்பதெல்லாம் இன்னும் தள்ளி வைக்க வேண்டிய பேச்சு. அரசாங்கங்கள்தாம் அதை நம்மைவிட உறுதியாக நம்பின. 1876-ல் ஆங்கில அரசு நாடகங்களைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டது. 1954-ல் சென்னை மாநில அரசு தன் பங்குக்கு இன்னொன்று கொண்டுவந்தது, அன்றைக்கு எம்.ஆர்.ராதாவின் நாடகங்களுக்குப் போலீஸ் கொடுத்த தொல்லை பலருக்கும் தெரிந்த கதை. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில்தான், 2013-ல், சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று சொன்னது. இருந்தாலும் அரங்கை முன்பதிவு செய்யும்போது, நாடகப் பிரதியோ காவல்துறைக் கடிதமோ கேட்பார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வழக்கம் சட்டத்தைவிட மெதுவாகத்தான் மாறும்.

இப்போது செய்முறை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாக ஒப்பந்தமாகி, அன்று இரவுதான் ஒன்றாகச் சேர்கிறார்கள். 'வள்ளி திருமணம்' விடிய விடியத் தங்குதடையின்றி நடக்கிறது. பழைய நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் மனப்பாடம். யார் எங்கே நிற்பார், எந்தப் பேச்சு எந்தப் பாட்டில் போய் முடியும், ஆர்மோனியம் எங்கே எடுத்துக் கொடுக்கும் என்பதெல்லாம் பல வருடப் பழக்கத்தில் ஊறியது. உங்கள் எட்டுப் பேருக்கும் நடுவில் அப்படிப் பொதுவாக ஒன்றும் கிடையாது. எட்டு வாரத்தில் அதைப் புதிதாக உண்டாக்குவதுதான் ஒத்திகை. வசனம் மனப்பாடம் ஆவதற்காக ஒத்திகை என்று நினைப்பது புதுக் குழுக்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு. மனப்பாடம் அவரவர் வீட்டில் செய்துவர வேண்டிய வேலை.

பிரதியிலிருந்து தொடங்குவோம். யாருடைய கதை என்பதை முதல் வாரத்திலேயே முடிவுசெய்யுங்கள். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். புதுமைப்பித்தன் 1948-ல் இறந்தார், ஆகவே அவர் கதைகளுக்கு அனுமதி தேவையில்லை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கும் தேவையில்லை. மற்றவர்களுக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். பெரும்பாலான எழுத்தாளர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள், கேட்காமல் போட்டால்தான் கோபப்படுவார்கள். கட்டணம் வாங்காத அமெச்சூர் காட்சிகளுக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் கதையை நாடகமாக மாற்றுவது தனி உரிமை என்பதால் அந்த விலக்கை நம்பிப் போக வேண்டாம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவதற்கும் தனி உரிமம் உண்டு. ஒரு புல்லாங்குழல்காரரையோ பறைக் கலைஞரையோ மேடையோரம் உட்காரவைத்தால் அந்தத் தலைவலி இல்லை, கேட்கவும் நன்றாக இருக்கும்.

சிறுகதையில் பாதி கதாசிரியர் குரலில் இருக்கும். அதை அப்படியே ஒரு கதைசொல்லி வாயில் போட்டால் நாடகம் வானொலியாகிவிடும். 'அவனுக்கு அவள்மீது எப்போதும் ஒரு சந்தேகம்' என்று கதையில் இருந்தால், மேடையில் அவன் அவளுடைய கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்க வேண்டும். இடங்களைக் குறையுங்கள். விளக்கணைத்து நாற்காலி மாற்றும் ஒவ்வொரு முறையும் 20, 25 நொடி போகும். எட்டு மாற்றம் என்றால் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பார்கள், அதன்பிறகு அவர்களைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது பெரிய பாடு. இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. அளவைப் பொறுத்தவரை 5000 சொல்லுக்கு மேல் போனால் ஒரு மணி நேரத்தில் அடங்குவது சிரமம். சத்தமாக வாசித்துக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள், வந்த நிமிடத்தோடு கால் பங்கு கூட்டுங்கள்: நடை, இடைவெளி, சிரிப்பு எல்லாம் அந்தக் கால் பங்குக்குள் வரும். இன்னொன்றும் இருக்கிறது. தெருக்கூத்தில் பாத்திரம் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள், கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் அதையே பேச்சுமொழியில் போட்டு உடைப்பான். தாமதமாக வந்தவர்கூடக் கதையைப் பிடித்துக்கொள்ளலாம். வசன நாடகத்தில் அந்தச் சலுகை இல்லை. அதனால் கதைக்கு ஆதாரமான தகவல்களை, அதாவது யார் யாருக்கு என்ன உறவு, எத்தனை வருடமாகப் பேச்சு இல்லை என்பது போன்றவற்றை, முதல் பத்து நிமிடத்தில் இரண்டு முறை, வேறுவேறு வாயால் வரும்படி எழுதுங்கள்.

நேரக் கணக்குக்கு மேடைக்காரர்கள் சொல்லும் ஒரு குத்துமதிப்பு உண்டு: ஒரு நிமிட நாடகத்துக்கு ஒரு மணி நேர ஒத்திகை. வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம், எட்டு வாரம் என்றால் 60 மணி நேரம் வந்துவிடும். கடைசி இரண்டு வாரத்தின் சனி, ஞாயிறுகளை முழுநாளாகக் கேட்டு வாங்கிவிட்டால் கொஞ்சம் மூச்சுவிடலாம். எட்டுப் பேரும் எல்லா நாளும் வர வேண்டியதில்லை. காட்சிவாரியாகப் பட்டியல் போட்டு, இரண்டு பேர் காட்சிக்கு இரண்டு பேரை மட்டும் வரச்சொல்லுங்கள். மூலையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சும்மா காத்திருந்தவர்தான் மூன்றாவது வாரத்தில் 'ஆபீஸில் வேலை' என்று சொல்லத் தொடங்குவார்.

முதல் இரண்டு வாரம் யாரும் எழுந்து நடக்க வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து வாசியுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொரு பாத்திரத்தையும் பற்றி ஒரே கேள்விதான்: இவர் எதிரில் இருப்பவரிடம் என்ன வாங்கப் பார்க்கிறார்? 'சோகமாக இருக்கிறாள்' என்பது பதிலாகாது. சோகத்தை நேராக நடிக்கப் போனால் முகத்தைத் தொங்கப்போடுவதில்தான் முடியும். 'வீட்டுப் பத்திரத்தை அண்ணனிடமிருந்து வாங்காமல் திரும்புவதில்லை என்று வந்திருக்கிறாள்' என்பது பதில். அதைச் செய்துகாட்ட முடியும், அண்ணன் அதைத் தடுக்கவும் முடியும். காட்சி அங்கேதான் உயிர்பெறுகிறது. இந்தக் கட்டத்தில் இயக்குநர் தானே எழுந்து நடித்துக்காட்டி "இப்படிச் செய்" என்று சொன்னால், மேடையில் எட்டு இயக்குநர்கள் நடந்து வருவார்கள். நம்மூர்க் குழுக்களில் இந்த வியாதி கொஞ்சம் அதிகம். எழுத்துத் தமிழில் இருக்கும் வசனங்களைப் பேச்சாக மாற்றும் வேலையும் இங்கேயே முடிந்துவிட வேண்டும். ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், ஒருவர் நாகர்கோவில்காரர் என்றால் அண்ணன் தங்கையாக வருபவர்களின் பேச்சு ஒரே ஊர்ப் பேச்சாக இருக்கிறதா என்று கேளுங்கள். மேடையில் இது கண்ணில் படுவதைவிடக் காதில் உறுத்தும்.

மூன்றாவது வாரத்தில் எழுந்து நிற்கலாம். அரங்குக்கு நேரில் போய் மேடையை அளந்துகொண்டு வாருங்கள். அகலம் 24 அடி, ஆழம் 16 அடி என்றால் அதே அளவை நீங்கள் ஒத்திகை பார்க்கும் அறையின் தரையில் நிற நாடாவால் ஒட்டுங்கள். கதவு எங்கே, பெஞ்சு எங்கே என்பதையும் ஒட்டுங்கள். வலது, இடது என்பது எப்போதும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது; முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மொட்டை மாடியில் ஒத்திகை பார்ப்பது நம் வழக்கம், ஆனால் திறந்தவெளியில் குரல் எங்கும் திரும்பி வராது என்பதால் எல்லோரும் கத்தப் பழகிவிடுவார்கள். கடைசி மூன்று வாரமாவது கூரைக்கடியில் இருங்கள். சபா நாடகங்களில் மைக்குக்கு நேரே எல்லோரும் வரிசையாக நின்று பேசும் பழக்கம் நம் கண்ணில் பதிந்திருக்கிறது. 120 இருக்கைக்கு மைக்கே வேண்டாம், ஆகவே அந்த வரிசையும் வேண்டாம். நடிகர் ஏதாவது காரணத்துக்காக நகரட்டும்: ஒருவரிடமிருந்து விலக, ஒன்றை எடுக்க, ஜன்னலை மூட. 'இந்த வசனத்தில் கொஞ்சம் நடங்கள்' என்று சொல்லி நடக்கவைத்த நடை பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பொருள்களைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். காபி குடிக்கும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ் நாடகத்தில் அது இல்லாமல் இருக்காது. வெறுங்கையால் குடிப்பதுபோல் ஆறு வாரம் பழகிவிட்டு ஏழாவது வாரத்தில் உண்மையான டபராவையும் டம்ளரையும் கையில் கொடுத்தால் வசனம் முழுக்கச் சிதறும். டம்ளரை டபராவில் வைக்கும் சத்தம் எதிராளியின் முக்கியமான சொல்மேல் விழும். வாயில் காபி இருக்கும்போது தன் முறை வந்துவிடும். ஆற்றும்போது கண் டம்ளரில் இருக்கும், பேசுபவரைப் பார்க்க முடியாது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக முடிவுசெய்ய வேண்டும்: எதிராளியின் எந்தச் சொல்லில் வாயில் வைப்பது, எதில் விழுங்குவது, எந்த மௌனத்தில் கீழே வைப்பது. டம்ளரில் கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம், தொண்டையில் பிசுபிசுவென்று நின்றுவிடும். வெல்லத் தண்ணீர் போதும், மூன்றாவது வரிசைக்கு அது காபிதான். சரியாக அமைந்துவிட்டால், அண்ணன் பதில் சொல்லாமல் ஆற்றிக்கொண்டே இருக்கும் பத்து நொடியில் அவன் பத்திரத்தைத் தரப்போவதில்லை என்று அரங்கம் முழுக்கப் புரிந்துகொள்ளும். அந்த இடத்தில் எழுதிவைத்திருந்த மூன்று வசனத்தையும் நீங்களே வெட்டிவிடுவீர்கள். ஒத்திகையில் கிடைக்கும் லாபம் இதுதான், எழுத்து மேசையில் இது கிடைக்காது.

நாலாவது வார முடிவில் எல்லோர் கையிலிருந்தும் பிரதி போய்விட வேண்டும். அந்த வாரம் நாடகம் முன்பைவிட மோசமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், எல்லாக் குழுவுக்கும் அப்படித்தான். ஆறாவது வாரத்திலும் அப்படியே இருந்தால்தான் பிரச்சினை. ஐந்து, ஆறாவது வாரங்களில் காட்சிகளைத் துண்டுதுண்டாகச் செப்பனிட்டு, ஏழாவது வாரத்தில் நிறுத்தாமல் முழு ஓட்டம், குறைந்தது மூன்று முறை. பெரும்பாலான குழுக்கள் முதல் இருபது நிமிடத்தை ஐம்பது முறையும் கடைசி இருபது நிமிடத்தைப் பத்து முறையும் ஒத்திகை பார்த்திருப்பார்கள், ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்குவதால் வரும் வினை அது. வாரம் ஒரு நாளாவது கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள்.

குரலைப் பற்றி ஒன்று. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வருவேனா வரமாட்டேனா, செய்தானா செய்யவில்லையா என்பது கடைசி இரண்டு அசையில்தான் இருக்கிறது. பழகாத நடிகர்களுக்கு மூச்சுத் தீருவதும் சரியாக அதே இடத்தில்தான். 'உங்க பணத்துல ஒரு பைசாகூட நான்' வரை கணீரென்று கேட்கும், 'தொடல' என்பது காற்றில் போய்விடும், பின்வரிசைக்காரர் அவன் தொட்டான் என்று நினைத்துக்கொண்டு மீதி நாடகத்தைப் பார்ப்பார். இதற்கு எளிய பயிற்சி: வசனம் முழுவதையும் மெல்லிய குரலில் சொல்லி, கடைசிச் சொல்லை மட்டும் முழுக்குரலில் சொல்வது. ஒரு வாரம் செய்தால் மூச்சைக் கடைசிச் சொல்லுக்கு மிச்சம் வைக்கும் பழக்கம் தானாக வரும். அரங்கில் ஒத்திகை கிடைக்கும் நாளில் ஏசியையோ மின்விசிறியையோ ஓடவிட்டு, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துச் சோதியுங்கள். காலி அரங்கைவிட ஆள் நிறைந்த அரங்கம் ஒலியை அதிகம் உறிஞ்சும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

விளக்குக்கு வாடகை பேசுமுன் மின்சாரத்தைக் கேளுங்கள். 'பார்' (PAR) எனப்படும் பழைய மேடை விளக்கு ஒன்று 1000 வாட், 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று போடலாம், நாலாவதைப் போட்டால் ஃபியூஸ் போகும், அதுவும் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும் உச்சக்கட்டத்தில்தான் போகும். 12 விளக்கு என்றால் 52 ஆம்பியர், மூன்று ஃபேஸ் இணைப்பு இல்லாமல் முடியாது. எல்.இ.டி. பார் விளக்குகளில் இந்தச் சுமை இல்லை. பன்னிரண்டும் ஒரே பிளக்கில் அடங்கிவிடும். ஆனால் மலிவான எல்.இ.டி.யில் ஒளி மெல்லக் குறைந்து அணைவது கடைசியில் ஒரு வெட்டோடு நிற்கும், பல நிறப் பல்புகளைக் கலந்து வெள்ளை போட்டால் முகம் ஊதா பூத்துத் தெரியும். 'வார்ம் வைட்' என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நடிப்பிடத்துக்கும் முன்னால் இரு பக்கமிருந்தும் ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் ஒவ்வொன்று, பின்னாலிருந்து ஒன்று, இது போதும். விளக்கு தலைக்கு நேர்மேலே இருந்தால் கண்குழியில் நிழல் விழும், தாழ்வாக நேர் எதிரே இருந்தால் பின்திரையில் நடிகரைவிடப் பெரிய நிழல் ஒன்று கூடவே நடிக்கும். சிவப்பும் பச்சையும் மாறி மாறிப் போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இசையைக் கைப்பேசியிலிருந்து போடுவதாக இருந்தால் அதை அழைப்பு வராத 'ஃபிளைட் மோடு'க்கு மாற்றிவைக்க மறக்காதீர்கள். சாவு வீட்டுக் காட்சியில் கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு அரங்கம் முழுக்க ஒலிக்கும்.

எட்டுப் பேரில் ஒருவர் நடிக்கக் கூடாது. அவர்தான் மேடை மேலாளர். விளக்கு, ஒலி, நுழைவு எல்லாவற்றையும் குறித்த ஒரே பிரதி அவர் கையில் இருக்கும், விளக்குக்காரரும் ஒலிக்காரரும் அவர் சொல்லாமல் விரலை அசைக்க மாட்டார்கள். இயக்குநரும் நடிக்கிறார், அவரே பக்கத்திலிருந்து விளக்குக்கும் கை காட்டுகிறார் என்ற ஏற்பாட்டில் எங்கோ ஓர் இடத்தில் எல்லாம் ஒன்றாக இடறும். அரங்கில் கிடைக்கும் முதல் நாளை நடிப்புக்குச் செலவிடாதீர்கள். மாற்றத்துக்கு மாற்றம் தாவிப் போங்கள்: மாற்றத்துக்கு முந்திய இரண்டு வசனம், விளக்கு மாற்றம், நாற்காலி மாற்றம், நிறுத்து, அடுத்தது. முப்பது மாற்றம் உள்ள நாடகத்துக்கு மூன்று, நாலு மணி நேரம் ஆகும். நடிகர்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும், அதைத் தவிர்த்த குழுக்களின் நாடகங்களைத்தான் நாம் 'நல்லா இருந்துச்சு, ஆனா இழுத்துச்சு' என்று சொல்லிவிட்டு வருகிறோம். அரங்க வாடகையும் விளக்கும் சேர்ந்து உங்கள் செலவில் பெரும்பங்கை விழுங்கும். கைக்கு எட்டாவிட்டால் அரங்கை விடுங்கள், ஒத்திகையைக் குறைக்காதீர்கள். வங்காளத்தின் பாதல் சர்க்கார் மேடை, விளக்கு, செட் மூன்றையும் விட்டுவிட்டு அறையிலும் திறந்தவெளியிலும் நாடகம் போட்டவர். 1980-ல் சென்னை சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பட்டறையிலிருந்து கிளம்பித் தமிழில் பல குழுக்கள் அந்த வழியில் போயிருக்கின்றன. பெரிய கூடம் ஒன்றில் நாலு பக்கமும் 60 பேரை உட்காரவைத்தும் உங்கள் கதையைச் செய்யலாம். அப்போது நிற்கும் இடம், திரும்பும் திசை எல்லாவற்றையும் மூன்றாவது வாரத்திலிருந்தே அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் வேண்டுமா என்பதில் மேடைக்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. என் கட்சி, சிறு தொகையாவது வாங்க வேண்டும் என்பது. இலவசம் என்றால் 'வருகிறேன்' என்றவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்கவே முடியாது; முன்வரிசை காலியாக இருக்க, 120 பேருக்கு எழுதிய நகைச்சுவையை 40 பேர் சிதறி உட்கார்ந்து கேட்பார்கள். சிரிப்பு ஒட்டிக்கொள்ள ஆட்கள் நெருக்கமாக உட்கார வேண்டும். கூட்டம் குறைந்தால் பின்வரிசைகளைக் கயிறு கட்டி மூடி எல்லோரையும் முன்னால் கொண்டுவாருங்கள்.

காட்சி நடக்கும்போது வசனம் மறந்தால் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். முன்வரிசைக்கு அது கேட்கும், நடிகருக்குக் கேட்காது. மறந்தவருக்கு எதிரில் இருப்பவர் "என்ன, பத்திரத்தைப் பத்திப் பேச்சே காணோம்?" என்று காட்சியின் விஷயத்தைக் கேள்வியாகத் திருப்பிக் கேட்டால் போதும். தன் பாத்திரம் எதற்காக வந்திருக்கிறது என்று தெரிந்த நடிகர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார், வரிகளை மட்டும் மனப்பாடம் செய்தவரால் முடியாது. இரண்டாவது பெரிய ஆபத்து ஞாயிற்றுக்கிழமைக் காட்சி. முதல் நாள் பயம் போயிருக்கும், உடம்பு தளர்ந்திருக்கும், நேற்றுச் சிரிப்பு வந்த இடங்களில் இன்றும் வரும் என்று காத்திருப்பார்கள். இன்றைக்கு வந்திருப்பது வேறு 120 பேர், அவர்கள் வேறு இடத்தில் சிரிப்பார்கள். ஏழு மணிக் காட்சிக்கு நாலு மணிக்கே எல்லோரையும் வரச்சொல்லி, அலங்காரம் இல்லாமல், நிற்க வேண்டிய இடங்களில் நின்றபடி, முழு வசனத்தையும் இரட்டை வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு மணி நேர நாடகம் அரை மணியில் முடியும். தடுமாறிய இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு டிபன் சாப்பிடப் போங்கள். பூரி, போண்டா வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் குரலைக் கட்டும், இட்லி போதும்.